திரு இருதயப் பெருவிழா: தேதிக் கணக்கு, வரலாறு, பன்னிரு வாக்குறுதிகள் பற்றிச் சில ஐயங்கள்

பங்குமடல் கேட்டது:

வணக்கம். இயேசுவின் திரு இருதயப் பெருவிழாவை ஒட்டி மக்களுக்குக் கொடுக்க ஒரே தாளில் முன்னும் பின்னுமாக இரண்டு பக்கம் எழுத வேண்டும். மாதிரிக்கு எடுத்த பழைய தாள்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஒன்றில் "திருவுடல் திருஇரத்தப் பெருவிழாவுக்கு அடுத்த வெள்ளி" என்றிருக்கிறது, இன்னொன்றில் "ஜூன் முதல் வெள்ளி". புனித மார்கரீத் மரியாதான் இந்தப் பக்தியைத் தொடங்கினார் என்று ஒன்று, இல்லை புனித ஜான் யூட்ஸ் என்று இன்னொன்று. இந்தப் பக்தி உள்ளவர்களுக்கு ஆண்டவர் மார்கரீத் மரியா வழியாகத் தந்ததாகச் சொல்லப்படும் பன்னிரு வாக்குறுதிகள் எல்லாவற்றிலும் உண்டு. அவை எங்கிருந்து வந்தன என்பது ஒன்றிலும் இல்லை.

தேதியைச் சரியாகக் கணக்கிடுவது எப்படி? விழா எப்படி உருவானது? வாக்குறுதிகளை அச்சிடலாமா? அன்று வெள்ளிக்கிழமையாயிற்றே, சுத்தபோசனம் (இறைச்சி தவிர்த்தல்) உண்டா? தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

நாட்காட்டிக்காரன் எழுதியது:

தேதியும் திருவழிபாடும் என் பங்கு. வரலாற்றை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

உயிர்ப்பு ஞாயிறு தேதியோடு 68 நாள் கூட்டுங்கள். இல்லையென்றால் பெந்தக்கோஸ்து ஞாயிறோடு 19 நாள். இரண்டும் ஒரே வெள்ளியில்தான் வந்து நிற்கும். 2026ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஈஸ்டர் ஏப்ரல் 5, பெந்தக்கோஸ்து மே 24, திரு இருதயப் பெருவிழா ஜூன் 12. 2027இல் ஜூன் 4, 2028இல் ஜூன் 23.

உங்கள் தாள்கள் இரண்டும் தவறியது எங்கே என்று பார்ப்போம். பழைய விதி "திருவுடல் பெருவிழாவின் எண்கிழமைக்கு அடுத்த வெள்ளி" என்பது. எண்கிழமை என்றால் விழா நாளையும் சேர்த்து எட்டு நாள். எண்கிழமை என்ற சொல்லை யாரோ விட்டுவிட்டார்கள், விதியே மாறிப்போயிற்று. திருவுடல் பெருவிழா முறைப்படி வியாழன். 2026இல் ஜூன் 4. அதற்கு அடுத்த வெள்ளி என்று நேராக எண்ணினால் ஜூன் 5 வரும், ஒரு வாரம் முந்திவிடும். அந்த ஆண்டு ஜூன் 5 மாதத்தின் முதல் வெள்ளியும்கூட, அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. எண்கிழமை ஜூன் 4 முதல் 11 வரை எட்டு நாள். முடிந்த மறுநாள் 12. 1955இல் அந்த எண்கிழமையை எடுத்துவிட்டார்கள், ஆனால் அதைக் கொண்டு குறித்த வெள்ளி அப்படியே நின்றுவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், திருவுடல் பெருவிழாவை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக் கொண்டாடும் இடங்களில் "அடுத்த வெள்ளி" என்பது சரியாகவே அமைந்துவிடும். ஜூன் 7 ஞாயிறு, அடுத்த வெள்ளி 12. அப்படிப்பட்ட இடத்தில் எழுதிய தாளை வியாழனில் கொண்டாடும் இடத்தில் அப்படியே நகலெடுத்தால்தான் வம்பு. தாளில் விதியை எழுதவே வேண்டாம். ஆண்டையும் தேதியையும் போட்டுவிடுங்கள்.

"ஜூன் முதல் வெள்ளி" என்பது விதியே அல்ல. 2024இல் ஜூன் 7 அன்றும், 2027இல் ஜூன் 4 அன்றும் தற்செயலாகப் பொருந்துவது. ஈஸ்டர் மிக முந்தினால் இந்த விழா மே 29 அன்றே வந்துவிடும், மிகப் பிந்தினால் ஜூலை 2 வரை போகும்.

சுத்தபோசனம் இல்லை. திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1251ஆம் சட்டம் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தவிர்ப்பதைச் சொல்லும்போதே, அன்று பெருவிழா வந்தால் நீங்கலாக என்கிறது. திரு இருதயம் பெருவிழா நிலையில் இருப்பதால் எந்தச் சிறப்பு அனுமதியும் தேவையில்லை. அதே நேரம் இது கடன் திருநாள் (திருப்பலிக்குக் கட்டாயம் வரவேண்டிய நாள்) அல்ல. 1246ஆம் சட்டத்தின் பட்டியலில் இது கிடையாது. "அன்று திருப்பலிக்கு வராதது பாவம்" என்று எழுதிவிடாதீர்கள்.

திருப்பலிக்கு வெள்ளை உடை. 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப்பாடலும் விசுவாச அறிக்கையும் உண்டு. நற்செய்திக்கு முன் இரண்டு வாசகங்கள். வார நாள்தானே என்று ஒரே வாசகத்தோடு முடித்துவிடுவது ஆண்டுதோறும் எங்காவது நடக்கிறது. வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வரும். முதல் ஆண்டுக்கு இணைச்சட்டம் 7:6-11, 1 யோவான் 4:7-16, மத்தேயு 11:25-30. இரண்டாம் ஆண்டுக்கு ஓசேயா 11ஆம் அதிகாரப் பகுதி, எபேசியர் 3ஆம் அதிகாரப் பகுதி, யோவான் 19:31-37. மூன்றாம் ஆண்டுக்கு எசேக்கியேல் 34:11-16, உரோமையர் 5:5-11, லூக்கா 15:3-7. 2026 முதல் ஆண்டு. இயேசுவின் விலாவைக் குத்தும் யோவான் 19 பகுதி அந்த ஆண்டு நற்செய்தியாக வராது. மறையுரைக் குறிப்பை முந்தைய தாளிலிருந்து எடுத்தால் இங்கேதான் இடறும்.

மறுநாள் சனிக்கிழமை தூய கன்னி மரியாவின் மாசற்ற இதய நினைவு. 2026இல் அது ஜூன் 13, பதுவை நகர் புனித அந்தோனியார் நாள். இப்படி இரண்டு கட்டாய நினைவுகள் மோதினால் அந்த ஆண்டு இரண்டுமே விருப்ப நினைவாகிவிடும். அந்தோனியாரைப் பாதுகாவலராகக் கொண்ட ஆலயத்தில் அவருக்குத்தான் முதலிடம்.

---

சபைவரலாறு எழுதியது:

மார்கரீத் மரியாவா, ஜான் யூட்ஸா என்றால், விழா என்ற அளவில் யூட்ஸ் முந்துகிறார். இயேசுவின் இருதயத்துக்கென்று தனித் திருப்பலியும் திருப்புகழ்மாலையும் எழுதி 1672 அக்டோபர் 20 அன்று தம் சபையில் கொண்டாடச் செய்தவர் அவர். பிரான்சின் பாரே-ல-மோனியாலில் மினவுதல் சபை என்ற துறவற சபையின் கன்னியரான மார்கரீத் மரியா அலக்கோக்கின் பெரிய காட்சிகள் அதற்குப் பிறகுதான், 1673 டிசம்பர் 27 தொடங்கி 1675 ஜூன் வரை. பக்தி என்று பார்த்தால் இருவருமே பிந்தியவர்கள். 13ஆம் நூற்றாண்டிலேயே ஹெல்ஃப்டா மடத்துப் புனித கெர்த்ரூத் இந்த இருதயத்தைப் பற்றி எழுதிவிட்டார்.

மார்கரீத் மரியா கொண்டுவந்த புதுமை இரண்டு. ஒன்று நாள். 1675 ஜூனில், திருவுடல் எண்கிழமைக்குள் கண்ட காட்சியில், அந்த எண்கிழமைக்கு அடுத்த வெள்ளியைத் தனி விழாவாக்கும்படி கேட்கப்பட்டது. நாட்காட்டிக்காரன் சொன்ன விதி இங்கிருந்துதான் வருகிறது. மற்றொன்று பரிகாரம். அன்பு செய்த இருதயத்துக்குக் கைம்மாறாகக் கிடைத்தது நன்றிகேடு, அதுவும் நற்கருணையில். அதை ஈடுசெய்ய நன்மை (நற்கருணை) வாங்குங்கள் என்பது அந்தக் காட்சியின் சாரம். விழா திருவுடல் பெருவிழாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வருவது தற்செயல் அல்ல. பரிகாரத்தைச் சொல்லாமல் வெறும் "அன்பின் விழா" என்று எழுதினால் பாதி போய்விடும்.

அவருடைய ஆன்ம குருவாக வந்த இயேசு சபைக் குரு குளோட் தெ லா கொலம்பியேர் 1682இல் இறந்துவிட்டார். மடத்துக்குள்ளேயே இந்தப் பக்தி எளிதில் ஏறவில்லை. 1685 ஜூலை 20 அன்று புகுமுகக் கன்னியர் பேனாவால் வரைந்த சிறு படம் ஒன்றை வைத்து வணங்கினார்கள். மடம் முழுவதும் சேர்ந்து கொண்டாடியது 1686 ஜூன் 21 வெள்ளியன்று. அவர் இறந்தது 1690இல்.

பிறகு உரோமை இழுத்தடித்தது. இந்தப் பகுதியை எந்தத் தாளும் எழுதுவதில்லை. விழாவின் பொருள் தெளிந்ததே இங்குதான்.

1697இல் மினவுதல் சபையினர் விழா கேட்டார்கள். கிடைத்தது அதே வெள்ளியில் ஐந்து திருக்காயங்களின் திருப்பலி மட்டும். 1720களில் இயேசு சபைக் குரு காலிஃபே மீண்டும் வழக்கைக் கொண்டுபோனார். மனித உணர்ச்சிகளுக்கு உறைவிடம் இருதயமே, ஆகவே கிறிஸ்துவின் அன்பு உறைந்த உறுப்புக்கு விழா வேண்டும் என்பது அவர் வாதம். எதிர்த்து நின்றவர் புரோஸ்பரோ லாம்பெர்த்தினி, பின்னாளில் திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் ஆனவர். உணர்ச்சியின் இருப்பிடம் இருதயமா மூளையா என்பது அறிஞர்களிடையே தீராத வழக்கு. விழாவை அங்கீகரித்தால் திருச்சபை அதில் ஒரு கட்சி சேர்ந்ததாகிவிடும் என்பது அவர் தடை. 1729இல் விண்ணப்பம் தள்ளுபடியானது. இன்றைய உடலியலைப் பார்த்தால் லாம்பெர்த்தினி நல்ல காரியம்தான் செய்தார்.

36 ஆண்டு கழித்து, 1765இல், திருத்தந்தை 13ஆம் கிளமெண்ட் போலந்து ஆயர்களுக்கும் உரோமையின் ஒரு பக்திசபைக்கும் அனுமதி கொடுத்தார். அந்த ஆணை உறுப்பின் வேலையைப் பற்றிப் பேசவில்லை. மனிதராகப் பிறந்து நம்மை மீட்ட இறையன்பின் நினைவை இருதயம் அடையாளமாகப் புதுப்பிக்கிறது என்றது. 1729இல் முட்டிநின்ற வழி 1765இல் திறந்தது இந்த ஒரு சொல்லால்: அடையாளம்.

ஆனால் வெறும் அடையாளமும் அல்ல. கத்தோலிக்கருக்குள்ளேயே கடுமையான போக்குக் கொண்ட குழுவினரான ஜான்சேனியர்கள் இவர்களை "இதய ஆராதனைக்காரர்கள்" என்று கேலி செய்தார்கள். உடலின் ஒரு துண்டை இறைமகனிடமிருந்து பிரித்து வணங்குகிறார்கள் என்பது 1786இல் பிஸ்தோயாவில் கூடிய மன்றத்தின் குற்றச்சாட்டு. 1794இல் 6ஆம் பயஸ் அதைக் கண்டித்தார். இருதயம் தனியே வணங்கப்படவில்லை. இறைவார்த்தையோடு பிரிக்கமுடியாதபடி ஒன்றித்த உடலின் இருதயமாக, அந்த ஆளுக்கே வணக்கம் செலுத்தப்படுகிறது என்பது பதில். 1956இல் 12ஆம் பயஸ் எழுதிய 'ஹவுரியேத்திஸ் அக்வாஸ்' சுற்றுமடல் இதை முழுமையாக்கியது. அந்த இருதயம் மூவகை அன்புக்கு அடையாளம் என்கிறது அது: தந்தையோடும் ஆவியோடும் பகிரும் இறையன்பு, மனித ஆன்மாவில் பொழியப்பட்ட அன்பு, உடலோடு உணரும் மனிதப் பாசம். தலைப்புச் சொற்கள் எசாயா 12:3இலிருந்து வந்தவை, மீட்பின் ஊற்றுகளில் தண்ணீர் முகந்துகொள்ளும் வசனம். உங்கள் தாளில் பொருள் விளக்கத்துக்கு ஒரு பத்திதான் இடம் என்றால் இந்த மூன்றையும் போடுங்கள்.

மீதி விறுவிறுவென்று. 1856இல் 9ஆம் பயஸ் விழாவை உலகத் திருச்சபை முழுவதற்கும் விரித்தார். 1899 ஜூன் 11 அன்று 13ஆம் லியோ மனிதகுலம் முழுவதையும் திரு இருதயத்துக்கு ஒப்புக்கொடுத்தார். மார்கரீத் மரியாவுக்குப் புனிதர் பட்டம் 1920இல், யூட்ஸுக்கு 1925இல், கொலம்பியேருக்கு 1992இல். 1928இல் 11ஆம் பயஸ் பரிகார செபத்தை விழாவோடு சேர்த்தார். 1995 முதல் இதே நாள் குருக்களின் புனிதத்துக்காக வேண்டும் நாளாகவும் இருக்கிறது. 2024 அக்டோபர் 24 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் 'திலெக்சித் நோஸ்' என்ற சுற்றுமடலை இதே பொருளில் வெளியிட்டார்.

---

பழையசெபப்புத்தகம் எழுதியது:

வாக்குறுதிகளுக்கு வருகிறேன். பன்னிரண்டு என்று எண் போட்ட பட்டியல் மார்கரீத் மரியா எழுதியதல்ல. அவர் கடிதங்களில் அங்கங்கே இருந்த வரிகளை 19ஆம் நூற்றாண்டில் கோத்து எடுத்தது. 1882இல் அமெரிக்க வணிகர் ஒருவர் அதை அட்டையாக அச்சிட்டுப் பல மொழிகளில் உலகெங்கும் அனுப்பினார். நம் கைக்கு வந்தது அந்த அட்டையின் வழிவந்ததுதான். பொய் என்று சொல்லவில்லை, சுருக்கம் என்கிறேன். சுருக்கத்தில் நிபந்தனைகள்தான் முதலில் உதிரும்.

பன்னிரண்டாவதான 'பெரிய வாக்குறுதி' அவர் 1688இல் தம் முன்னாள் மடத் தலைவிக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. தொடர்ந்து ஒன்பது மாதம் முதல் வெள்ளியில் நன்மை வாங்குவோருக்கு இறுதி மனந்திரும்புதலின் அருள் கிடைக்கும் என்பது. அதாவது, சாகும் நேரத்தில் மனந்திரும்பும் அருள். "ஒன்பது வெள்ளி முடித்தவருக்கு மோட்சம் உறுதி" என்று தாளில் ஆகிவிடுகிறதே, அது வேறு சங்கதி. இது தனி வெளிப்பாடு (ஒருவருக்குத் தனியே கிடைத்த காட்சி), விசுவாசக் கோட்பாடு அல்ல என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

அந்தக் காலத்தில் மாதாமாதம் நன்மை வாங்குவதே துணிச்சல். தகுதியில்லை என்று மக்களை ஜான்சேனியர்கள் நற்கருணைப் பந்தியிலிருந்து தள்ளிவைத்த காலம். முதல் வெள்ளியின் கூர் அங்கே இருந்தது.

படத்தைப் பற்றி ஒரு சொல். தீச்சுவாலை, முள்முடி, மேலே சிலுவை, விலாக் காயம் ஆகிய நான்கும் மார்கரீத் மரியாவின் காட்சியில் உள்ளவை. ஆண்டவர் தம் இருதயத்தைக் கையில் ஏந்திக் காட்டும் வடிவம் 1767இல் போம்பேயோ பத்தோனி வரைந்தது, உரோமையில் இயேசு சபையின் ஜேசு கோவிலில் இருக்கிறது. நாம் பார்க்கும் அச்சுப் படங்களில் பாதி அதன் பேரப்பிள்ளைகள். ஆலயப் பீடத்துக்கு முழு உருவப் படம்தான். இருதயம் மட்டும் தனியே உள்ள படத்தை வீட்டுப் பக்தியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

---

பங்குமடல் எழுதியது:

மூவருக்கும் நன்றி. தேதியை நேரடியாகப் போட்டுவிடுகிறேன். இன்னும் மூன்று கேள்வி. ஒன்பது வெள்ளியில் ஒன்று விட்டுப்போனால்? 2026இல் ஏப்ரல் முதல் வெள்ளி பெரிய வெள்ளியாக வருகிறது, அன்று திருப்பலியே கிடையாதே? பெருவிழா அன்று மாலை ஒரு மணி நேர ஆராதனைக்கு ஒழுங்கு எழுத வேண்டும். எதை எங்கே வைப்பது?

---

பழையசெபப்புத்தகம் எழுதியது:

விட்டுப்போனால் முதலிலிருந்துதான். "தொடர்ந்து" என்பதன் பொருள் அதுவே. நோயாளி அந்த நாளில் வீட்டில் நன்மை வாங்கினாலும் கணக்கு உண்டு. பெரிய வெள்ளிக்கும் அதே பதில்: வாக்குறுதி பேசுவது நன்மை வாங்குவதை, திருப்பலியை அல்ல. ஏப்ரல் 3 அன்று திருப்பாடுகளின் வழிபாட்டில் நன்மை வாங்கினால் சங்கிலி அறாது. பாவசங்கீர்த்தனம் அதே வெள்ளியன்றுதான் செய்ய வேண்டும் என்றில்லை. சாவான பாவம் இல்லாத நிலையில் வாங்க வேண்டும், அவ்வளவே.

ஆராதனைக்கு வருவோம். கதிர்ப்பாத்திரத்தில் எழுந்தேற்றம் செய்தால், அதாவது நற்கருணையை எல்லாரும் காண வைத்தால், நான்கு முதல் ஆறு மெழுகுதிரிகள், தூபம். பாட்டோடு சேர்த்து 5 நிமிடம். யோவான் 19:31-37 வாசகம் இங்கே வரட்டும், திருப்பலியில் அந்த ஆண்டு வராததால் வீணாகாது. பிறகு மௌனம், குறைந்தது 15 நிமிடம். இதைத்தான் எல்லாரும் வெட்டுவார்கள். வழிநடத்துபவர் கையில் ஒலிவாங்கி இருந்தால் 2 நிமிடத்துக்கு மேல் தாங்காது. ஒழுங்குத் தாளிலேயே "மௌனம், 15 நிமிடம்" என்று அச்சிட்டுவிடுங்கள். அதன்பின் ஒரு பாட்டு, திருப்பாடல் ஒன்று, மீண்டும் சிறிது மௌனம். திரு இருதய மன்றாட்டுமாலை 10 நிமிடத்துக்குள் முடியும். அதில் இருதயத்தைக் குறித்த புகழ்ச்சிகள் 33, 1899இல் அங்கீகாரம் பெற்ற வடிவம். உங்கள் புத்தகத்தில் எண்ணிப் பாருங்கள், அச்சுப்பிழையில் ஒன்றிரண்டு விழுந்திருக்கும். பிறகு பரிகார செபம். கடைசியில் நற்கருணை ஆசீர்.

ஆசீருக்காக மட்டும் எழுந்தேற்றம் செய்யக்கூடாது. வாசகம், செபம், மௌனம் என்று போதிய நேரம் ஆராதனை இருக்க வேண்டும். குருவோ திருத்தொண்டரோ இல்லையென்றால், அனுமதி பெற்ற நற்கருணைப் பணியாளர் எழுந்தேற்றம் செய்யலாம், திரும்பப் பேழையில் வைக்கலாம், ஆசீர் மட்டும் கிடையாது. ஆராதனை நடக்கும் ஆலயத்தின் அதே இடத்தில் திருப்பலி தொடங்கினால், அதற்கு முன் எழுந்தேற்றத்தை முடித்துவிட வேண்டும்.

---

சபைவரலாறு எழுதியது:

பரிகார செபத்தில் ஒரு பொறி இருக்கிறது. 1899இன் ஒப்புக்கொடுத்தல் செபமும் 1928இன் பரிகார செபமும் ஒரே விளியில், "மிகவும் இனிய இயேசுவே" என்றுதான் தொடங்கும். முதல் வரியைப் பார்த்துத் தட்டச்சு செய்பவர் தவறானதை எடுத்துவிடுவார். அடுத்த சொற்களைப் பாருங்கள். "மனுக்குலத்தின் மீட்பரே" என்று போனால் ஒப்புக்கொடுத்தல். மனிதர்மேல் பொழிந்த அன்புக்கு மறதியும் அசட்டையும் நிந்தையுமே கைம்மாறாகக் கிடைத்தன என்று போனால் பரிகாரம்.

பழைய புத்தகங்களில் இந்த விழாவன்று ஒப்புக்கொடுத்தல் செபம் இருப்பதற்கும் காரணம் உண்டு. 1906இல் 10ஆம் பயஸ் அதை ஆண்டுதோறும் திரு இருதய விழாவில் சொல்லச் சொன்னார். 1925இல் 11ஆம் பயஸ் கிறிஸ்து அரசர் விழாவை ஏற்படுத்தியபோது அங்கே மாற்றிவிட்டார். இன்றைய பேறுபலன் (பாவத்துக்குரிய தண்டனை நீக்கம்) விதியும் அப்படியே. திரு இருதயப் பெருவிழாவில் பரிகார செபத்தைப் பொதுவில் சொன்னால் பரிபூரண பலன், கிறிஸ்து அரசர் பெருவிழாவில் ஒப்புக்கொடுத்தல் செபத்தைப் பொதுவில் சொன்னால் பரிபூரண பலன். வழக்கமான நிபந்தனைகள்: பாவசங்கீர்த்தனம், நன்மை, திருத்தந்தையின் கருத்துக்காக ஒரு செபம், எந்தப் பாவத்தின் மீதும் பற்றில்லாமை. பாவசங்கீர்த்தனம் ஏறத்தாழ 20 நாள் முன்பின் இருக்கலாம்.

பன்னிரு வாக்குறுதிகளில் நண்பரோடு எனக்குச் சிறு கருத்து வேறுபாடு. நிபந்தனை எழுத இடமில்லாத தாளில் பட்டியலையே விட்டுவிடலாம். அந்த இடத்துக்குப் பரிகார செபத்தை முழுதாகப் போடுங்கள். பலர் கையில் அது இருக்காது, மாலையில் எல்லாரும் சேர்ந்து சொல்லவும் அதுதான் தேவை.

---

நாட்காட்டிக்காரன் எழுதியது:

ஆராதனை ஒழுங்கில் ஒன்று சேர்க்கிறேன். 'திருமணி' என்பது பெருவிழாவின் மாலை அல்ல, வியாழன் இரவு. கெத்சமனித் தோட்டத்தின் நினைவாக வியாழன் இரவு 11 முதல் 12 வரை கேட்கப்பட்டது அது. வெள்ளி மாலைக்கு எழுதும் தாளில் "திருமணி ஆராதனை" என்று தலைப்புப் போடாதீர்கள். "நற்கருணை ஆராதனை" என்றே இருக்கட்டும். உண்மையாகவே திருமணி வைக்க விரும்பினால் 2026இல் ஜூன் 11 இரவு. அன்று மாலைப் புகழிலிருந்தே பெருவிழா தொடங்கிவிடுவதால் வெள்ளை உடையும் பொருந்தும்.